எந்த லினக்ஸ்? போட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம்

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாம் என்று முடிவெடுத்தவருக்கு அடுத்த நிமிடமே வரும் சிக்கல், எந்த லினக்ஸ் என்பது. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஆர்ச், ஓப்பன்சூசே, ஜோரின், மஞ்சாரோ என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டால் ஒரு பெயரைச் சொல்வார். இன்னொருவரிடம் கேட்டால் அதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் போடுங்கள் என்பார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத, ஆனால் இன்னும் நன்றாகவே ஓடுகிற கணினியை வைத்திருப்பவர்கள் பலர் இப்போது இந்தக் கேள்வியோடுதான் நிற்கிறார்கள்.

இதில் யார் பேச்சையும் நம்பி இறங்க வேண்டியதில்லை. டிஸ்ட்ரோக்கள் எனப்படும் இந்த லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவற்றை நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம், காசும் கிடையாது. ஆனால் ஓட்டிப் பார்ப்பவர்களில் பலர் தவறான விஷயத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். திரை அழகாக இருக்கிறது, மெனு பிடித்திருக்கிறது, சரி இதுதான் என்று நிறுவிவிடுகிறார்கள். இரண்டு டிஸ்ட்ரோக்களுக்கு நடுவே உள்ள உண்மையான வித்தியாசம் முதல் நாளில் தெரியாது. அப்டேட் வரும் நாளில், புதிதாக ஒரு மென்பொருள் தேவைப்படும் நாளில், ஏதோ ஒன்று ஓடாமல் போய் உதவி தேடும் நாளில்தான் தெரியும். அதனால் எதைப் பார்ப்பது என்பதை முதலில் பேசிவிட்டு, எப்படிப் பார்ப்பது என்பதற்கு அப்புறம் வருவோம்.

டிஸ்ட்ரோவில் என்ன இருக்கிறது

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது ஒரு கெர்னல் மட்டும்தான். நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, வைஃபை சிப்பை இயக்குவது என வன்பொருளோடு பேசும் வேலையெல்லாம் கெர்னலுடையது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள், ஒரு டெஸ்க்டாப், ஓர் உலாவி, நிறுவித் தரும் நிரல், அப்டேட் அனுப்பும் ஏற்பாடு ஆகிய எல்லாவற்றையும் கெர்னலோடு சேர்த்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதித்து, ஒரே கட்டாகக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரோ. 1993-இல் பேட்ரிக் வோல்கர்டிங் தொடங்கிய ஸ்லாக்வேரும், அதே ஆண்டு இயன் மர்டாக் தொடங்கிய டெபியனும் இன்றும் இருக்கின்றன.

ஆக, எந்த டிஸ்ட்ரோவை எடுத்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்கு. அதே கெர்னல், அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லிப்ரே ஆபீஸ். வேறுபடுவது அவற்றை யார், எவ்வளவு அவசரமாக, எந்தக் கொள்கையோடு உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்பதுதான்.

இதில் மிக முக்கியமானது வெளியீட்டு முறை. டெபியனின் நிலையான பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். வந்தபின் அதிலுள்ள மென்பொருட்களின் பதிப்பெண் பெரும்பாலும் நகராது. பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் மட்டுமே வரும். இன்று பழகிய மெனு ஒன்றரை ஆண்டு கழித்தும் அதே இடத்தில் இருக்கும். உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதுப் பதிப்பு வெளியிடுகிறது. அவற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு, மற்றவற்றுக்கு ஒன்பதே மாதம். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது, ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய பதின்மூன்று மாதம் ஆயுள். அதாவது ஃபெடோரா போட்டவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பெரிய அப்கிரேட் செய்தே தீர வேண்டும். ஆர்ச்சிலும் ஓப்பன்சூசே டம்பிள்வீடிலும் பதிப்பு என்ற பேச்சே கிடையாது. புதியது தயாரானதும் வந்துகொண்டே இருக்கும்.

புதியது வந்துகொண்டே இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். புத்தம்புது கணினி வாங்கியவருக்கு நல்லதுதான், ஏனென்றால் அதன் கிராஃபிக்ஸையும் வைஃபையையும் அடையாளம் காணப் புதிய கெர்னல் வேண்டும். ஐந்தாறு ஆண்டு பழைய கணினியில் கணக்கு எழுதி, படம் பார்த்து, மின்னஞ்சல் அனுப்புகிறவருக்கு அந்த ஓட்டத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மாறாக, ஆர்ச் போன்றவற்றில் சில மாதம் அப்டேட் செய்யாமல் விட்டுவிட்டுத் திடீரென்று செய்தால், என்னென்ன மாறியிருக்கிறது என்று அறிவிப்புகளைப் படித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டியிருக்கும். அதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பிடிக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு வேலை.

அடுத்தது கொள்கை. காப்புரிமைச் சிக்கல் உள்ள வீடியோ கோடெக்குகளை (வீடியோவை ஓட்ட உதவும் நிரல்களை) ஃபெடோரா தன் கிடங்கில், அதாவது மென்பொருட்களை இறக்கிக்கொள்ளும் தொகுப்பில், வைப்பதில்லை. சில வீடியோக்கள் ஓடவில்லை என்றால் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் கிடங்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெபியன் நெடுங்காலம் தனியுரிம ஃபர்ம்வேரை (வைஃபை சிப் போன்றவை இயங்கத் தேவையான, மூலநிரல் திறக்கப்படாத நிரலை) தன் நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. வைஃபை கிடைக்காமல் புதியவர்கள் தவித்தார்கள். 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. டெபியனைப் பற்றிய பழைய புலம்பல்களைப் படிக்கும்போது அவை எந்த ஆண்டு எழுதப்பட்டவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் மேலாளர் என்று ஒன்று உண்டு. டெபியன் குடும்பத்தில் ஆப்ட், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன். மென்பொருளை நிறுவுவது, நீக்குவது, புதுப்பிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கட்டளைகள் வேறே தவிர, புதியவருக்கு மூன்றுமே ஒன்றுதான். இதை வைத்து டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மேலும், எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் ஃபிளாட்பேக் என்ற செயலி வடிவம் வந்தபின் இந்த இடைவெளி இன்னும் குறுகிவிட்டது. பழைய டெபியனில் இருந்துகொண்டே ஒரு செயலியின் புதிய பதிப்பை அவை கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப் வேறு, டிஸ்ட்ரோ வேறு

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் பேனல், மெனு, சாளரம், கோப்பு மேலாளர் எல்லாம் டெஸ்க்டாப் சூழலைச் சேர்ந்தவை. க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சினமன், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. இவற்றில் பெரும்பாலானவை எல்லாப் பெரிய டிஸ்ட்ரோக்களிலும் கிடைக்கும். உபுண்டுவில் க்னோம் பிடிக்கவில்லை என்று ஃபெடோராவுக்குப் போனால் அங்கும் முதன்மைப் பதிப்பில் க்னோம்தான் வரவேற்கும்.

அதனால் "உபுண்டு பிடிக்கவில்லை" என்று சொல்வதற்கு முன், பிடிக்காதது உபுண்டுவா க்னோமா என்று பிரித்துப் பாருங்கள். க்னோம்தான் என்றால் குபுண்டுவை எடுங்கள். அதே உபுண்டு, டெஸ்க்டாப் மட்டும் கேடிஇ. ஃபெடோராவுக்கும் கேடிஇ பதிப்பு உண்டு. நிறுவிய டிஸ்ட்ரோவிலேயே இரண்டாவது டெஸ்க்டாப்பைச் சேர்க்கவும் முடியும். ஆனால் இரண்டு அமைப்புச் சாளரங்கள், இரண்டு கோப்பு மேலாளர்கள் என்று மெனு நிரம்பி வழியும். பார்ப்பதற்குத்தான் என்றால் அந்த டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பைத் தனியாக ஓட்டிப் பார்ப்பதே சுத்தம்.

விண்டோஸில் பழகிய கைக்கு சினமனும் கேடிஇயும் உடனே பிடிபடும். க்னோம் வேறு ஒரு பழக்கத்தைக் கேட்கிறது. இரண்டு நாள் கொடுத்தால் சிலருக்கு அதுவே பிடித்துப்போகிறது, சிலருக்கு எத்தனை நாள் ஆனாலும் ஒட்டுவதில்லை. நினைவகம் குறைவான பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ நன்றாகப் பொருந்தும். ஆனால் ஓர் எச்சரிக்கை: டெஸ்க்டாப் எவ்வளவு இலகுவாக இருந்தாலும், உலாவியில் பத்து தாவல்களைத் திறந்தால் நினைவகத்தைத் தின்பது உலாவிதான். 2 ஜிபி நினைவகமுள்ள கணினியை எந்த டிஸ்ட்ரோவாலும் இளமையாக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது டிஸ்ட்ரோ மாற்றுவதைவிட அதிகம் உதவும்.

எத்தனை பார்ப்பது

டிஸ்ட்ரோவாட்ச் என்ற தளம் 2001 முதல் டிஸ்ட்ரோக்களைப் பட்டியலிட்டு வருகிறது. அதன் ஓரத்தில் ஒரு தரவரிசை இருக்கும். பலர் அதைப் பயன்பாட்டு எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் பக்கத்தையும் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு மட்டுமே. ஆர்வத்தை அளக்கும், பயன்பாட்டை அளக்காது.

இருக்கும் நூற்றுக்கணக்கான டிஸ்ட்ரோக்களில் பெரும்பாலானவை சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். டெபியனிலிருந்து 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவிலிருந்து 2006-இல் மின்ட் வந்தது. ஜோரினும் பாப் ஓஎஸ்ஸும் அதே வழி. ஆர்ச்சிலிருந்து மஞ்சாரோ, எண்டெவர் ஓஎஸ். ஃபெடோரா, ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவோடு நடப்பது. ஓப்பன்சூசே தனிக் கிளை. உபுண்டு, மின்ட், ஜோரின் மூன்றையும் போட்டுப் பார்த்தவர் மூன்று டிஸ்ட்ரோ பார்த்ததாக நினைப்பார், உண்மையில் பார்த்தது ஒரே அடித்தளத்தின் மூன்று அலங்காரங்கள். ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடுபவற்றை எடுத்தால் மூன்று போதும். நான் சொல்வதானால் மின்ட், ஃபெடோரா, டெபியன். கையில் நேரமும் துணிச்சலும் இருந்தால் நான்காவதாக எண்டெவர் ஓஎஸ். ஆர்ச்சின் அதிகாரப்பூர்வ வட்டைப் போட்டால் கறுப்புத் திரையில் கட்டளைக் கோடு மட்டும்தான் வரும்; அது ஆரம்பத்துக்கு ஏற்றதல்ல.

காளி லினக்ஸை முதல் லினக்ஸாகப் போட நினைப்பவர்களும் உண்டு. அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி. அன்றாட வேலைக்கென்று செய்ததல்ல.

பென்டிரைவிலிருந்து ஓட்டுவது

கணினியின் வட்டைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டுவதை லைவ் முறை என்கிறார்கள். 2000-இல் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்ற டிஸ்ட்ரோ, சிடியிலிருந்து ஓடி இந்த முறையைப் பிரபலமாக்கியது. இன்று பெரிய டிஸ்ட்ரோக்கள் ஏறக்குறைய எல்லாமே லைவாக ஓடும். (டெபியனின் தளத்தில் முதலில் கண்ணில் படும் சிறிய கோப்பு நிறுவ மட்டுமே உதவும். லைவ் வட்டு அங்கே தனியாக இருக்கும்.)

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் உள்ளவை அழிந்துவிடும், எனவே முக்கியமானதை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டும் அடங்கிய ஒரே கோப்பை) இறக்கி, பென்டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்துப் போட்டால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. விண்டோஸில் இருந்தால் ரூஃபஸ், எதில் இருந்தாலும் பலெனா எட்சர் இந்த வேலையைச் செய்யும். பல டிஸ்ட்ரோக்களைப் பார்க்கப் போகிறவருக்கு நான் சொல்வது வென்டாய். அதை ஒருமுறை பென்டிரைவில் போட்டுவிட்டால், அப்புறம் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்தாலே போதும். பூட் ஆகும்போது எல்லாவற்றையும் பட்டியலிட்டு எதை ஓட்டட்டும் என்று கேட்கும். 32 ஜிபி பென்டிரைவ் இருந்தால் பார்க்க நினைத்த எல்லாமே ஒன்றில் அடங்கிவிடும்.

இறக்கிய கோப்பின் செக்சம்மை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை) சரிபார்க்கச் சொல்வார்கள், பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். இறக்கும்போது கோப்பு சிதைந்திருந்தால் நிறுவும் நடுவில் புரியாத பிழைகள் வரும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், இறக்கச் சுட்டியை மாற்றி, பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) வைத்த ஒரு ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று இறக்கியவர்களில் செக்சம்மைச் சரிபார்த்தவர்கள் தப்பியிருக்க முடியும். மின்ட் அதன்பின் டிஜிட்டல் கையொப்பத்தோடு சரிபார்க்கும் வழியையும் விரிவாக எழுதி வைத்திருக்கிறது.

அடுத்து, கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கியதும் பூட் மெனு விசையை அழுத்த வேண்டும். கணினிக்குக் கணினி அது மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப், எஃப்2 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட் நான்கும் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் காவல்) இயங்கும்போதே பூட் ஆகும். ஆர்ச்சின் வட்டுக்கு அதை அணைக்க வேண்டும். அணைப்பதற்கு முன் ஒரு விஷயம்: விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட்டைத் தொட்டதும் அடுத்தமுறை விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கலாம். உங்களுக்குத் தெரியாமலேயே அது இயக்கப்பட்டிருக்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்த 48 இலக்கச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயோஸுக்குள் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போங்கள்.

என்விடியா கார்டு உள்ள கணினியில் சில சமயம் கறுப்புத் திரை மட்டும் வரும். பூட் மெனுவில் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் அல்லது இணக்க முறை என்று ஒரு தேர்வு இருந்தால் அதில் உள்ளே போய்ப் பாருங்கள். அதை வைத்து இந்த டிஸ்ட்ரோ ஒத்துவராது என்று ஒதுக்கிவிட வேண்டாம். நிறுவியபின் என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட்டதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லைவில் பார்க்க வேண்டியது உங்கள் வன்பொருளை. வைஃபை கிடைக்கிறதா? ஒலி வருகிறதா, ஹெட்செட் செருகினால் அதற்கு மாறுகிறதா? கேமரா, மைக், ப்ளூடூத் வேலை செய்கின்றனவா? திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல், பிரிண்டர்? அப்புறம் மடிக்கணினியின் மூடியை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். உறக்கத்திலிருந்து எழாமல் போவது லினக்ஸில் இன்னும் சில கணினிகளில் காணப்படும் குறை. லைவிலேயே தெரிந்துவிட்டால் நல்லது. தனியாக மானிட்டர் வைத்திருந்தால் அதையும் செருகுங்கள். மடிக்கணினித் திரையும் மானிட்டரும் வெவ்வேறு படப்புள்ளி அடர்த்தி கொண்டவையாக இருந்தால், எழுத்து ஒன்றில் பெரிதாகவும் ஒன்றில் பொடியாகவும் தெரியலாம். இந்த இடத்தில் டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் வித்தியாசம் உண்டு.

வேகத்தை மட்டும் லைவில் மதிப்பிடாதீர்கள். எல்லாம் பென்டிரைவிலிருந்து வாசிக்கப்படுவதால் மெதுவாகத்தான் இருக்கும். நீங்கள் செய்த மாற்றங்களும் நினைவகத்தில் மட்டுமே இருப்பதால் அணைத்ததும் போய்விடும். கோப்பு ஏதாவது உருவாக்கினால் வேறு எங்காவது சேமித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸுக்குள்ளேயே ஒரு லினக்ஸ்

விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருளை நிறுவினால், விண்டோஸில் ஒரு சாளரத்துக்குள் லினக்ஸை முழுதாக நிறுவி ஓட்டலாம். லைவ் முறையில் வன்பொருளைச் சோதிக்கிறோம், இங்கே சோதிப்பது நேர் எதிர். மெய்நிகர் கணினி காட்டும் வைஃபையும் கிராஃபிக்ஸும் பொய்யானவை. ஆனால் மென்பொருள் நிறுவுவது, அப்டேட் செய்வது, எதையாவது கெடுத்துப் பார்ப்பது ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 8 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 4 ஜிபியை இதற்குக் கொடுக்கலாம், வட்டில் 25 ஜிபி ஒதுக்கினால் போதும். மிக மந்தமாக இருந்தாலோ தொடங்கவே மறுத்தாலோ, பயோஸில் மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஸ்நாப்ஷாட் என்ற வசதி உண்டு. ஒரு நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு, விளையாடிக் கெடுத்தபின் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். தொடக்கத்திலிருந்து நான் சொல்லிவரும் அப்டேட் நாளை இங்கேதான் முன்கூட்டியே வரவழைக்க முடியும். டிஸ்ட்ரோவின் புதிய பதிப்பை நிறுவாமல், அதற்கு முந்தைய பதிப்பை நிறுவுங்கள். உங்களுக்குத் தேவையான ஏழெட்டு மென்பொருட்களைச் சேருங்கள். ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டு, புதிய பதிப்புக்கு அப்கிரேட் செய்யுங்கள். எத்தனை கேள்வி கேட்டது, அந்தக் கேள்விகள் புரிந்தனவா, முடிந்தபின் எல்லாம் ஓடுகின்றனவா? ஒரு மாலைப் பொழுதில், இன்னும் ஓர் ஆண்டு கழித்து உங்கள் நிஜக் கணினியில் நடக்கப்போவதைப் பார்த்துவிடுவீர்கள்.

கெட்டால் திரும்புவதற்கு என்ன வழி என்பதையும் அப்படியே பாருங்கள். மின்ட் டைம்ஷிஃப்ட் என்ற கருவியோடு வருகிறது. தினமும் நிலையைச் சேமித்து வைக்கச் சொல்லலாம். ஓப்பன்சூசேயில் வழக்கமான முறையில் நிறுவினால், கெட்டுப்போன அப்டேட்டுக்கு முந்தைய நிலையை பூட் மெனுவிலேயே தேர்ந்தெடுத்துத் திரும்ப முடியும். புதியவர்களுக்கு இது பெரிய வசதி. ஓப்பன்சூசேயை அதிகம் பேர் பரிந்துரைப்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே உண்டு.

நிஜ வட்டில் நிறுவும்போது

இரண்டு மூன்றில் ஒன்று தேறிவிட்டால், சில வாரமாவது அதை நிஜமாகவே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பழைய எஸ்எஸ்டி ஒன்று கையில் இருந்தால் அதில் நிறுவுவதே பாதுகாப்பு. மேசைக் கணினியாக இருந்தால் விண்டோஸ் உள்ள வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள். யூஎஸ்பி வழியாகச் செருகிய வெளி எஸ்எஸ்டியில் நிறுவும்போது ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவல் நிரல்கள் இயங்குதளத்தை வெளி வட்டில் போட்டாலும், பூட் செய்யும் கோப்பைக் கணினிக்குள் இருக்கும் வட்டில் எழுதிவிடும். அந்த வட்டை வேறு கணினியில் செருகினால் பூட் ஆகாது. பூட் லோடர் எனப்படும் அந்தக் கோப்பு எங்கே போகிறது என்று நிறுவும்போதே பாருங்கள்.

ஒரே வட்டில் விண்டோஸோடு சேர்த்து நிறுவுவதும் நடக்கிற காரியம்தான். கோப்புகளின் பிரதி ஒன்று வெளி வட்டில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். விண்டோஸிலிருந்தே அதன் பார்ட்டிஷனை (வட்டில் அது இருக்கும் பகுதியை) சுருக்கி, 50 ஜிபியாவது காலி இடம் உண்டாக்குங்கள். விண்டோஸின் வேகத் தொடக்க வசதியை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அதன் பார்ட்டிஷனில் எழுத முடியாது. நிறுவும்போது முழு வட்டையும் அழித்து நிறுவு என்ற தேர்வு வரும். அது சொன்னபடியே செய்யும். வட்டே கண்ணில் படவில்லை என்றால், இன்டெல் கணினிகளில் பயோஸில் வட்டு ரெய்டு என்ற இணைப்பு முறையில் இருப்பது காரணமாக இருக்கலாம். யோசிக்காமல் அதை ஏஹெச்சிஐ என்ற மற்றொரு முறைக்கு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகும். மாற்றும் முறையைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

விண்டோஸுக்குத் திரும்பியதும் கடிகாரம் சில மணி நேரம் தப்பாகக் காட்டினால் பதற வேண்டாம். கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸில் ஒரே கட்டளையில் சரிசெய்யலாம்.

இரண்டாவது டிஸ்ட்ரோவையும் அருகிலேயே நிறுவ ஆசை வரும். உங்கள் கோப்புகளுக்கு ஒரு தனிப் பார்ட்டிஷன் வைத்து, அதை இரண்டிலிருந்தும் திறக்கலாம். பயனரின் கோப்புறை இருக்கும் ஹோம் பார்ட்டிஷனையே பொதுவாக்கிவிடலாமே என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள். செயலிகளின் அமைப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. புதிய கேடிஇ எழுதிய அமைப்பைப் பழைய கேடிஇ வாசித்துக் குழம்பும், கடைசியில் எந்த டிஸ்ட்ரோவின் தவறு என்றே தெரியாது. உபுண்டுவும் மின்ட்டும் ஒரே கணினியில் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. இரண்டுமே பூட் பார்ட்டிஷனில் ஒரே பெயருள்ள கோப்புறையைப் பயன்படுத்துவதால், ஒன்றின் பூட் கோப்பை மற்றொன்று மேலெழுதிவிடும்.

பயன்படுத்தும் நாட்களில் வேண்டுமென்றே புதிதாக எதையும் செய்து பார்க்க வேண்டாம். வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்யுங்கள். வீடியோ அழைப்பில் திரையைப் பகிருங்கள், வங்கித் தளத்தைத் திறங்கள், அலுவலகத்திலிருந்து வந்த வேர்டு கோப்பைத் திறந்து திருத்தி அனுப்புங்கள். தமிழில் தட்டச்சு செய்து பாருங்கள்: ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சு நிரல்கள் வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும், ஆனால் அதைச் சேர்ப்பது எவ்வளவு எளிது என்பது டெஸ்க்டாப்பைப் பொறுத்தது. ஏதாவது ஓடவில்லை என்றால், பிழைச் செய்தியையும் டிஸ்ட்ரோவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். உங்களுக்குப் புரிகிற விடை எத்தனை நிமிடத்தில் கிடைக்கிறது என்பதும் ஒரு மதிப்பெண்தான். உபுண்டு குடும்பத்துக்குப் பதில்கள் மிக அதிகம், அவற்றில் காலாவதியானவையும் அதிகம். ஆர்ச்சின் விக்கி மற்ற டிஸ்ட்ரோக்காரர்களுக்கும் உதவும் அளவுக்கு நன்றாக எழுதப்பட்டது.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் முழு மென்பொருளோ ஃபோட்டோஷாப்போ இல்லாமல் முடியாது என்றால், எந்த டிஸ்ட்ரோவுக்கு மாறினாலும் அதே சுவரில்தான் முட்டுவீர்கள். அவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விளையாட்டுகளின் நிலை இதைவிட நல்லது. 2018-இல் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வந்தபின் அவை நிறையவே ஓடுகின்றன. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் சில விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு நிரல்தான் இன்னும் முரண்டு பிடிக்கிறது. இதிலும் டிஸ்ட்ரோவால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்றுமே ஒத்துவரவில்லை, லினக்ஸை எடுத்துவிட வேண்டும் என்றால் ஒழுங்கு முக்கியம். லினக்ஸ் பார்ட்டிஷனை அவசரப்பட்டு அழித்தால், பூட் மெனுவைக் காட்டும் கிரப் தன் கோப்புகளைக் காணாமல் தடுமாறி, கட்டளை கேட்கும் கறுப்புத் திரையில் நிற்கும். யூஇஎஃப்ஐ (பயோஸின் புதிய வடிவம்) உள்ள கணினியில் முதலில் பயோஸுக்குள் போய் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள். விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டு, அதற்குள்ளிருந்தே வட்டு மேலாண்மைக் கருவியில் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்கி, அந்த இடத்தை விண்டோஸோடு சேர்த்துக்கொள்ளலாம். காலி இடம் விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு அடுத்தாற்போல் இல்லாவிட்டால் அந்தக் கருவி சேர்க்க மறுக்கும். அப்போது லைவ் பென்டிரைவில் உள்ள ஜிபார்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி கைகொடுக்கும். கையில் வென்டாய் பென்டிரைவ் இருக்கிறதல்லவா, அதை அழிக்காமல் வைத்திருங்கள்.